நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

டிசம்பர் 16, திங்கள்

யூடியூபில் மிக்ஸிங் பாடம் நடத்துகிறவர் சொல்கிறார், ஈக்வலைசரில் கை வைப்பவன் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டுமாம். எதை ஏற்றினோம், எதை இறக்கினோம், ஏன் செய்தோம் என்று அன்றன்றைக்கு எழுதவேண்டுமாம். நூல் கடைக்காரர் போன வருஷம் கொடுத்து ஒரு வரிகூட எழுதாமல் கிடந்த டைரி அகப்பட்டது. தேதியை மட்டும் அடித்துத் திருத்தினால் போதும்.

அர்த்தநாரியாகிய நான் பள்ளிபாளையத்தில் பத்தொன்பது வருஷம் தறி ஓட்டியவன். ஓனர் தறிகளை எடைக்குப் போட்டபிறகு கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். படத்தை வெட்டி ஒட்டத் தெரியும். பாட்டை மிக்ஸ் செய்வது இதுதான் முதல் தடவை.

பாட்டு என் வீட்டுக்காரி சாந்தாமணியுடையது. பதினாறு வருஷமாகப் பாதயாத்திரைக் குழு பஜனையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுகிறாள். சொந்தமாகவும் எழுதி நோட்டில் மறைத்து வைத்திருந்தாள். குழுத்தலைவர் சென்னியப்பன் அண்ணன் எப்படியோ ஒன்றைக் கேட்டுவிட்டு, இந்தத் தைப்பூசத்துக்கு நம்ம ஸ்பீக்கர் வண்டியில் உன் பாட்டே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். பழனிவரைக்கும் ஐந்து நாள், அறுபது பேர், அவள் குரல். சொன்ன அன்றைக்கு அவள் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

ஐந்து பாட்டு. தபேலாவோடு கடையிலேயே பதிவு செய்தாகிவிட்டது. இனி என் பாடு.

டிசம்பர் 18, புதன்

பாடம் ஒன்று. குரலில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த சத்தத்தை வெட்டு. வெட்டினேன். மின்விசிறி உறுமல், தெருவில் போன லாரி எல்லாம் போய்விட்டது.

பாடம் இரண்டு. இருநூற்றைம்பதில் கொஞ்சம் இறக்கு, குடத்துக்குள் பேசுவது போன்ற கும்மல் குறையும். குறைந்தது.

பழைய டேப் ரெக்கார்டரில் பேஸ், டிரெபிள் என்று இரண்டே திருகு இருக்கும். இதில் திரையில் ஒரு கோடு, துணி காயப்போடும் கொடி மாதிரி. எந்த இடத்தில் வேண்டுமானாலும் அடியில் கம்பு கொடுத்துத் தூக்கலாம், பிடித்து இழுத்து இறக்கலாம். இடப்பக்கம் கனத்த சத்தம், வலப்பக்கம் போகப்போக எண் ஆயிரக்கணக்கில் ஏறி மெல்லிசான கீச்சு. இது தெரியாமல் இத்தனை வருஷம் பாட்டுக் கேட்டிருக்கிறேனே என்று இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றைய பாடம் தேடுவது. கோட்டில் ஓரிடத்தை மேடாகத் தூக்கிவிட்டு, பாட்டை ஓடவிட்டு, அந்த மேட்டை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்த வேண்டும். எங்கே காது கூசுகிறதோ அங்கேதான் கோளாறு. அங்கே இறக்கிவிட வேண்டும்.

எண்ணூறில் மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. இறக்கினேன். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் சரி. நாலாயிரத்துக்கு வந்தால் ஒன்றுமே இல்லை. மேட்டை எவ்வளவு உயரம் தூக்கினாலும் குரல் அப்படியே இருக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரத்திலும் அதே கதை. ஆனால் பாடம் நடத்துகிறவர் அந்த இடத்தில்தான் பாட்டின் தெளிவு இருக்கிறது என்று கத்துகிறார்.

ஹெட்போன் மட்டம். வேறு வாங்கவேண்டும்.

டிசம்பர் 23, திங்கள்

புது ஹெட்போன். அதுவும் அப்படியே. எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே திருடன்.

டிசம்பர் 27, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்சமாகத் தூக்கினால் நாலாயிரம் வராது. ஒன்பது டெசிபல் தூக்கினேன், வந்துவிட்டது. ‘செம்மண்ணு சுடுதய்யா, சிறுகாலு நோகுதய்யா, சிவகிரிக்கு இன்னும் எத்தன தூரமய்யா.’ சிவகிரி என்பது பழனிமலை. ஒவ்வொரு ‘ச’வும் தனித்தனியாகக் கேட்கிறது. ஐந்து பாட்டுக்கும் அப்படியே வைத்துவிட்டேன்.

சாந்தாமணி கேட்டுவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். கூர்மையாக இருக்கிறதோ என்றாள். அதற்குப் பெயர்தான் தெளிவு என்று விளக்கினேன். உங்களுக்குத்தான் தெரியும் என்று போய்விட்டாள்.

காலையில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நான் குக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசிலே வரவில்லை. தெருவில் திரும்பி வரும்போதே ஏழு எண்ணினேன் என்கிறாள். கேஸ்கட் போயிருக்கும். நாளைக்கு வாங்கவேண்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

மனசு சரியில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் டீக்கடையில் பழைய தறிப்பட்டறை ஆட்கள் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். நாலு பேருமே இருபது வருஷத் தறிக்காரர்கள். சூப்பர் என்றார்கள். கணீர்னு இருக்குதய்யா என்று மாரப்பன் முதுகில் தட்டினான்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் குழு கூடியது. பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். முதல் வரியிலேயே பெண்கள் பக்கம் சலசலப்பு. ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது, யாரோ இருவர் காதைப் பொத்திக்கொண்டார்கள். தறிக்காரர்கள் மட்டும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் அண்ணன் மளிகைக்கடைக்காரர், எதையும் பதமாகப் பேசுகிறவர். அவரே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“பாட்டுல ஒரு குத்தமும் இல்லப்பா. அந்தம்மா குரலுதான், கூட்டத்தோட பாடையில தெரியல. தனியா மைக்குல வந்தா காதுக்குள்ள ஊசி உட்டாப்புல இருக்குது. அஞ்சு நாளு இதைக் கேட்டுக்கிட்டு நடக்க முடியாது.”

அறுபது பேர் முன்னால் சொன்னார். சாந்தாமணி எழுந்து நின்று, “என்ற குரலே அப்புடித்தானுங்கண்ணா” என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

ஜனவரி 26 அன்று வண்டிக்கு ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். அதற்குள் சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வழக்கமாகப் போடுகிற பாட்டுதான் என்று முடிவு. தறிக்காரர்களுக்கு இருக்கிற ரசனை மளிகைக்கடைக்கு எங்கே இருக்கப்போகிறது.

ஜனவரி 1, புதன்

சாந்தாமணி தயிரை விட்டுவிட்டாள், புளியையும் விட்டுவிட்டாள். சுக்கும் பனங்கற்கண்டுமாகக் காய்ச்சிக் குடிக்கிறாள். இன்னொரு தடவை பதிவு செய்யலாம் என்றாள், கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். இந்தத் தடவை குரலைத் தணித்து மெதுவாகப் பாடுகிறாளாம்.

பாடினாள். முதல் பாட்டில் மூச்சு நடுங்கியது. ஒவ்வொரு வரி முடிந்ததும் கடையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

ஜனவரி 3, வெள்ளி

மெதுவாகப் பாடியதால் தெளிவு இன்னும் குறைந்துவிட்டது. நாலாயிரத்தில் பன்னிரண்டு டெசிபல் ஏற்றவேண்டியிருந்தது. அண்ணனுக்குப் போனில் அனுப்பினேன். பதில் குரலாக வந்தது. முன்னைவிட மோசம், அந்தம்மாவை வருத்தப்படுத்தாதே, பழைய பாட்டே இருக்கட்டும் என்றார். அவளும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

கேஸ்கட் மாற்றியாகிவிட்டது. குக்கர் இப்போதும் விசில் அடிக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

பாத்திரம் கழுவும்போது எப்போதும் ஏதாவது முனகுவாள். மூன்று நாளாக அது இல்லை. பாட்டு நோட்டைத் தேடினேன். பெட்டியில் கம்பளிக்கு அடியில் கிடந்தது.

ஜனவரி 9, வியாழன்

ஈரோட்டில் காது டாக்டரிடம் போய்வந்தேன். சளியாக இருக்கும் என்றுதான் போனேன். அழுக்கும் இல்லையாம். பரிசோதனை செய்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். வரும்போது பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

கல்யாண வேலை ஒன்று வந்திருக்கிறது. நாள் முழுக்க அதே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தெருப் பெண்கள் கும்மியடித்தார்கள். சாந்தாமணியை முன்பாட்டுப் பாடக் கூப்பிட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவளுக்குத் தொண்டை செரியில்லைங்க” என்று நானே சொல்லிவிட்டேன். சரி என்று வேறு ஒருத்தியைப் பாடச் சொன்னார்கள். சாந்தாமணி உள்ளே போய் ஏற்கெனவே துலக்கிவைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் துலக்கினாள்.

கரும்பு நன்றாக இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

நோட்டு எதற்கு என்றால் செய்ததை எழுதுவதற்கு. எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். பீப் என்று கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள் பரிசோதனை செய்த பெண். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதாக்கும் என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கொடுத்த காகிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் ஒரு கோடு, இடப்பக்கம் கனத்த சத்தம், வலப்பக்கம் கீச்சு. ஆயிரம் வரைக்கும் கோடு சமமாக ஓடுகிறது. மூவாயிரத்தில் சரிந்து, நாலாயிரத்தில் கிணறு மாதிரி இறங்கி, எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறுகிறது. ஒரு மாதமாக ராவும் பகலும் நான் முறைத்துக்கொண்டிருந்த அதே படம். என் காதில் எங்கே பள்ளமோ, சரியாக அங்கே சாந்தாமணி குரலில் மேடு கட்டியிருக்கிறேன். பள்ளம் எனக்கு மட்டும்தான். மேடு எல்லாருக்கும்.

தறியில் இருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார், காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில். தறிச் சத்தத்தில் போனது போனதுதான், திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதுமிஷின் பற்றிச் சொன்னார். நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இது தெரிந்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளாக அவள் தயிர் சாப்பிடவில்லை. தன் குரல்தான் கேடு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் பொங்கலன்று தெருவே கேட்க அவள் தொண்டை சரியில்லை என்றேன். காது கேட்காதவனிடம் யார் கல்யாண வீடியோ கொடுப்பார்கள் என்று பயந்தேன், அதுதான் நிஜம். மண்டபத்தில் அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பவேண்டும்போல இருக்கிறது.

ஜனவரி 18, சனி

காகிதத்தை அவள் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன்.

எனக்குச் சரியாகக் காது கேட்காதது அவளுக்குத் தெரியுமாம். மூன்று வருஷமாகவே தெரியுமாம். குக்கர் விசிலும் கேட்பதில்லை, போன் அடித்தாலும் கேட்பதில்லை, யார் பேசினாலும் நான் அவர்கள் வாயையே பார்ப்பதாகச் சொன்னாள். அதனால்தான் எப்போதும் எனக்கு நேரே வந்து நின்று பேசுகிறாளாம். எனக்கு அது தெரியாது. பாசம் என்று நினைத்திருந்தேன்.

பாட்டு கெட்டது என் காதால்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டாள். ஒன்பதாம் தேதி என்றேன். விரல் விட்டு எண்ணினாள்.

“பொங்கலுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

ஆமாம் என்றேன்.

“உங்க காது போனதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. என்ற குரலை நீங்க ஊர்முன்னால உட்டுக்குடுத்தீங்க பாருங்க, அதை எங்க போயிச் சொல்லுவேன்?”

சாப்பாடு போட்டாள். தண்ணீர் வைத்தாள். வேறு பக்கம் பார்த்து நின்றுகொண்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

பேச்சில்லை.

ஜனவரி 20, திங்கள்

பேச்சில்லை. கடைக்குப் போய் ஐந்து பாட்டிலும் நான் போட்ட மேட்டை எல்லாம் எடுத்துவிட்டேன். கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. எது சரி, எது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய்

பதினோரு மணிக்குக் கடைக்குள் வந்தாள். கையில் பாட்டு நோட்டு. நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே, திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“பாட்டைப் போடுங்க. நான் கேக்கறேன், நீங்க திருகுங்க. ஆனா இருவத்தாறாந் தேதி மண்டபத்துல நீங்கதான் எந்திரிச்சுச் சொல்லோணும்.”

சரி என்றேன்.

முதலில் வாயால் சொல்லிப் பார்த்தோம். பாட்டு ஓடும்போது அவள் பேசினால் எனக்குப் பிடிபடவில்லை. பாட்டை நிறுத்தினால் அவளுக்கு மறந்துபோகிறது. நாலு தடவை ஆனது, ஐந்தாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். அப்போது அவள் சட்டென்று கையைத் தூக்கி இரண்டு விரலைக் கத்திரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினாள்.

பட்டறையில் பாவு நூல் அறுந்தால் காட்டுகிற சைகை. தறி ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் வாயால் பேசமாட்டார்கள், எல்லாம் கையும் உதடும்தான். அவள் கல்யாணத்துக்கு முன்னால் சுவருக்கு அந்தப்பக்கம் தார், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி, சுற்றிக்கொண்டிருந்தவள். கதவு வழியாகத் தார் கூடையைக் கொடுக்க வருவாள். நாங்கள் முதல் ஆறு மாதம் பேசியது முழுக்கச் சைகையில்தான். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அப்போது எனக்குத் தெரியாது.

வெட்டு என்றால் வெட்டினேன். மேட்டைத் தூக்கி ஆயிரத்திலிருந்து நகர்த்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூவாயிரத்தில் உள்ளங்கையை மேலே அசைத்தாள், தறியை ஓட்டு, கொஞ்சம் கொடு என்று அர்த்தம். இரண்டு டெசிபல் கொடுத்தேன். நாலாயிரத்தில் முகம் சுருங்கியது, கத்திரி வெட்டியது. ஏழாயிரத்தில் இன்னும் வேகமாக வெட்டியது, அங்கேதான் ‘ச’ எல்லாம் குத்துகிறதாம். இறக்க இறக்க அவள் முகம் இளகியது. ஓரிடத்தில் உள்ளங்கையை எனக்கு நேரே நிறுத்தினாள். தறியை நிறுத்து.

நிறுத்தினேன். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. தன் பாட்டை அவள் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இப்படி ஒரு பாட்டுக்கு ஒரு நாள். ஐந்து நாள், ஐந்து பாட்டு. மத்தியானம் புளிக்குழம்பு வைத்திருந்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

மண்டபம். எழுந்து நின்றேன். போன தடவை காதைக் குத்தியது அவள் குரல் இல்லை, எனக்குக் கீச்சுச் சத்தம் கேட்காது, கேட்கவேண்டும் என்று ஏற்றி ஏற்றி நான்தான் கெடுத்தேன், தெரிந்தபிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று சொன்னேன். டாக்டர் காகிதத்தையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மாரப்பன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

சாந்தாமணி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பட்டனைத் தட்டினாள். முதல் பாட்டு முடிகிறவரைக்கும் நான் பெண்கள் பக்கத்தையே பார்த்தேன். காதைப் பொத்தினவர்களில் ஒருத்தி தொடையில் தாளம் போட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மிணி, இந்தக் குரலையா நான் ஊசின்னு சொன்னேன்?” என்றார்.

அவள் அடுத்த பாட்டைத் தட்டிவிட்டாள். ஐந்து பாட்டும் வண்டியில் ஏறிவிட்டது.

வெளியே வரும்போது மாரப்பன் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துக்கொண்டு போனான். அந்த டாக்டர் விலாசத்தை எழுதித் தரச் சொன்னான்.

காது விஷயம் தெரிந்து கல்யாண வீடியோ ஒன்று கைவிட்டுப் போய்விட்டது. பரவாயில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் வலிக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 8, சனி

காங்கேயம் தாண்டி ஒரு மண்டபத்தில் மத்தியான ஓய்வு. நடக்க ஆரம்பித்து மூன்றாவது நாள். இடது காலில் இரண்டு கொப்புளம். மோர் கொடுத்தார்கள்.

காலையில் நடந்தது. வண்டி முன்னால் போகிறது, பெண்கள் அதன் பின்னால், நான் கடைசி வரிசையில். அவள் பாட்டு ஓடுகிறது என்பது எனக்குத் தபேலாவை வைத்துத்தான் தெரிகிறது. சொல் எதுவும் பிடிபடவில்லை. முன்னால் போகிறவர்கள் எல்லாரும் கூடவே பாடுகிறார்கள், பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் யார் பாடியது என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லாருக்கும் கேட்கிறது. கட்டினவனுக்குக் கேட்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் அழுதுகொண்டே நடந்தேன்.

துண்டை எடுத்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் நிற்காமல் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள், முகம் என் பக்கம். பாட்டோடு சேர்ந்து உதட்டை மட்டும் அசைத்தாள், பட்டறையில் பேசுவோமே அப்படி, ஒவ்வொரு எழுத்தாக. பள்ளத்தில் விழப்போறே என்று பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் பாட்டை விடவில்லை. செம்மண்ணு சுடுதய்யா. சிறுகாலு நோகுதய்யா. ஒரு ‘ச’கூடத் தவறவில்லை.

சிவகிரிக்கு இன்னும் எத்தன தூரமய்யா என்று அவள் உதடு கேட்டது. நான் கையைத் தூக்கி, இன்றைக்கும் சேர்த்து மூன்று நாள் என்று மூன்று விரலைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.